வான்கோழிக்கு வழி விடும் ஊர்: மாசசூசெட்ஸ் பயணக் குறிப்புகள்

ஏப்ரல் 25, வியாழன். புரூக்லைன்

வெளியே பளிச்சென்று வெயில். கடைக்குக் கிளம்பிய என் கையில் தங்கை ஒரு குடையைத் திணித்தாள். "மழைக்கு இல்லண்ணே. வான்கோழி மறிச்சா படக்குன்னு விரிச்சுக் காட்டுங்க, போயிரும்."

புரூக்லைன் பாஸ்டனை ஒட்டிய வசதியான ஊர். பீக்கன் தெருவின் நடுவே டிராம் ஓடுகிறது. இரண்டு பக்கமும் செங்கல் அடுக்ககங்கள், பூச்செடிக் கடை, ஒரு காபி 4.75 டாலருக்குக் கொடுக்கும் இடங்கள். அந்தத் தெருவில், காலை ஒன்பது மணி நெரிசலில், நான்கு பெட்டைகளும் ஒரு சேவலும் தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தன. கடந்தன என்றால் கோழி ஓடுவதுபோல் தலைதெறிக்க இல்லை. ஓய்வு பெற்ற தாசில்தார் காலை நடை போவதுபோல் ஆற அமர. டிராம் ஓட்டுநர் மணியடித்துப் பார்த்தார். சேவல் நின்று, திரும்பி, டிராமைப் பார்த்துக் கொக்கரித்தது. அவர் மணியடிப்பதை விட்டுவிட்டார். கார்க்காரர்கள் ஒருவர்கூட ஹார்ன் அடிக்கவில்லை. நம்மூரில் ஆம்புலன்ஸுக்கே இந்தப் பொறுமை கிடைக்காது.

பக்கத்தில் நின்று பார்த்தேன். தலையில் ஓர் இறகு கிடையாது. கண்ணைச் சுற்றி நீலம், கழுத்தில் கொத்துக் கொத்தாகச் சிவப்பு, உச்சந்தலை வெளுப்பு. கோபம் ஏற ஏற அந்த நிறங்கள் மாறுகின்றன. மூக்கின் மேலிருந்து ஒரு சதைத் துண்டு நீண்டு அலகைத் தாண்டித் தொங்குகிறது. மார்பின் நடுவில் குதிரை மயிர் மாதிரி ஒரு தாடி. வாலை விசிறியாக விரித்து, இறக்கைகளைத் தாழ்த்தி நடக்கும்போது இறக்கை நுனிகள் சிமென்ட் தரையில் உரசி 'சர் சர்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை எந்த வீடியோவிலும் நான் கேட்டதில்லை.

மாலையில் பள்ளி விட்டு வந்த மருமகள் எனக்குப் பாடம் எடுத்தாள். "ஓடக் கூடாது மாமா. ஓடினா நீங்க அதுக்குக் கீழேன்னு நினைச்சுக்கும். அப்புறம் தினமும் துரத்தும்." எட்டு வயதுப் பிள்ளை சொன்னதை மாநில வனவிலங்குத் துறையும் சொல்கிறது. வான்கோழிக் கூட்டத்தில் யார் பெரியவர், யார் சின்னவர் என்று ஒரு வரிசை உண்டு. பயந்து ஒதுங்கும் மனிதரையும் அது அந்த வரிசையின் அடியில் சேர்த்துக்கொள்ளும். எனவே துடைப்பத்தை ஓங்குங்கள், தண்ணீர் பீய்ச்சுங்கள், சத்தம் போடுங்கள், தீனி மட்டும் போடாதீர்கள் என்பது அறிவுரை. பிடித்துக் கொண்டுபோய் வேறு இடத்தில் விடச் சொல்லிக் கேட்டாலும் விட மாட்டார்கள்.

இதில் வேடிக்கை, 1991 முதல் இந்தப் பறவைக்குச் சட்டப்படி ஒரு பட்டம் இருக்கிறது: மாசசூசெட்ஸின் அதிகாரபூர்வ வேட்டைப் பறவை. சுட்டுத் தின்னத் தக்கது என்று அரசே முத்திரை குத்திய உயிர், டிராமை நிறுத்திவிட்டு நடக்கிறது. காரணம் சாதாரணமானது. குடியிருக்கும் வீட்டிலிருந்து 500 அடிக்குள் உரியவர் அனுமதி இல்லாமல் வேட்டையாடக் கூடாது, தார்ச்சாலையிலிருந்து 150 அடிக்குள் துப்பாக்கி வெடிக்கக் கூடாது. புரூக்லைனில் 500 அடிக்குள் வீடு இல்லாத இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். வான்கோழிக்குச் சட்டம் தெரியாது, ஆனால் இடம் தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 26, வெள்ளி. பாஸ்டன்

இந்த மாநிலத்துக்குப் பட்டம் கொடுப்பதில் ஒரு தீராத ஆசை. மாநிலப் பறவை தனி: கறுப்புத் தொப்பி போட்ட சிக்கடீ என்ற கையளவுக் குருவி, 1941 முதல். மாநில மீன் காட். மாநிலப் பூச்சி பொறிவண்டு. மாநிலப் பூனைகூட உண்டு. மாநில மஃபின் சோள மஃபின் (1986), பானம் கிரான்பெரிச் சாறு (1970), இனிப்பு பாஸ்டன் கிரீம் பை (1996), பிஸ்கட் சாக்லேட் சிப் (1997), டோநட் பாஸ்டன் கிரீம் (2003), பயறு நேவி பீன்ஸ் (1993). நம்மூரில் மரகதப் புறாவும் வரையாடும் பனைமரமும் போதும் என்று நிறுத்திக்கொண்டோம். அல்வாவுக்கு அரசாணை கேட்டு யாரும் இதுவரை போராடவில்லை, திருநெல்வேலிக்காரர்கள் உட்பட.

சரி, இன்று முழுக்கச் சட்டப்படி சாப்பிடுவது என்று முடிவு செய்தேன். காலைக்குச் சோள மஃபின்: வெளியே மொறுமொறுப்பு, உள்ளே ரவை கேசரியின் பதம், வெண்ணெய் தடவாமல் தொண்டையில் இறங்காது. 3.50 டாலர். மதியம் பீன்ஸ், கருப்பட்டிப் பாகு நெடியடிக்கும் ஒரு கெட்டிக் கரும்புப் பாகில் ஊறிக் கிடந்தது. காரம் மருந்துக்கும் இல்லை. பாஸ்டன் கிரீம் பையை அது 1856இல் பிறந்ததாகச் சொல்லப்படும் பார்க்கர் ஹவுஸ் ஓட்டலிலேயே போய்ச் சாப்பிட்டேன். பெயர்தான் பை, ஆள் கேக். நடுவில் கஸ்டர்ட், மேலே சாக்லேட். பிரமாதம். விலையை எழுதினால் தங்கை படித்துவிடுவாள்.

பிறகு பொன் கூரை போட்ட மாநில அரசு மாளிகை. பிரதிநிதிகள் சபையில், உறுப்பினர்களின் தலைக்கு மேலே, பைன் மரத்தில் செதுக்கிய காட் மீன் ஒன்று தொங்குகிறது. கிட்டத்தட்ட ஐந்தடி நீளம். இந்த ஊரை வளர்த்தது காட் மீன் வியாபாரம் என்ற நன்றிக்காக 1784இல் மாட்டினார்கள். 1933இல் ஹார்வர்டு மாணவர்கள் அதைத் திருடிக்கொண்டு போய்விட, மாநிலமே அல்லோலகல்லோலப்பட்டு, சில நாளில் மீட்டார்கள்.

அதே 1784இல், பாரிஸில் இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் மகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் பாஸ்டனில் மில்க் தெருவில் பிறந்தவர். அமெரிக்காவின் சின்னமாகிவிட்ட கழுகு ஒழுக்கங்கெட்ட பறவை, அடுத்தவன் பிடித்த மீனைப் பிடுங்கித் தின்பது. வான்கோழி கொஞ்சம் தற்பெருமையும் அசட்டுத்தனமும் உள்ளதுதான், ஆனாலும் வீரமானது, தன் முற்றத்துக்குள் சிவப்புக் கோட்டுடன் நுழையும் பிரிட்டிஷ் சிப்பாயை யோசிக்காமல் தாக்கும் என்பது அவர் கட்சி. வான்கோழியை நாட்டின் சின்னமாக்கச் சொன்னார் என்று கதை கட்டுகிறார்கள். அப்படி அவர் கோரிக்கை வைக்கவில்லை, மகளிடம் கிண்டலாகப் புலம்பினார், அவ்வளவுதான். சிப்பாயைத் தாக்கும் என்றது மட்டும் நேற்றைய டிராமைப் பார்த்த எனக்கு மிகையாகத் தோன்றவில்லை.

ஏப்ரல் 27, சனி. பிளிமத்

மாப்பிள்ளை ஓட்டி வந்தார். "பாறையைப் பாக்கணும்னு எல்லாரும் கேப்பாங்க மச்சான். பாத்துட்டு திட்டுவாங்க." 1620இல் ஆங்கிலேயக் குடியேறிகள் கால் வைத்ததாகச் சொல்லும் பாறை அது. கிரேக்கக் கோயில் கணக்காகத் தூண்கள் எழுப்பிய மண்டபத்தில், கீழே பள்ளத்தில், கம்பிகளுக்குப் பின்னால் கிடக்கிறது. ஆட்டுக்கல்லை விடக் கொஞ்சம் பெரிது. 1774இல் நகர்த்தும்போது இரண்டாக உடைந்து, அப்புறம் வருகிறவர் போகிறவரெல்லாம் ஆளுக்கொரு சில்லு பெயர்த்துக்கொண்டு போய், மிச்சம் இதுதான். திட்டினேன்.

ஆனால் மேட்டின் மேல் கோல்ஸ் ஹில்லில் நிற்கும், வாம்பனோவாக் பழங்குடித் தலைவர் மாசசாய்ட்டின் சிலையும், ஊருக்கு வெளியே இருக்கும் பிளிமத் பட்டுக்செட் அருங்காட்சியகமும் வந்ததற்கு ஈடு செய்தன. அங்கே வாம்பனோவாக் மக்களின் வீட்டு முற்றத்தில் பழங்குடியினரே நின்று பேசுகிறார்கள். தங்களைப் பற்றித் தாங்களே, இந்தக் காலத்துப் பேச்சில். பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள், அசட்டுக் கேள்விகளுக்கும். வான்கோழி இறகுகளை நாரோடு சேர்த்துப் பின்னி மேலாடை செய்யும் கலை இவர்களுடையது.

நன்றி நவிலும் நாள் என்றால் வான்கோழி விருந்து, அதன் தொடக்கம் பிளிமத் என்பது உலகம் அறிந்த கதை. 1621 அறுவடை விருந்தைப் பற்றி அதில் இருந்த எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில், நான்கு பேரைப் பறவை வேட்டைக்கு அனுப்பினார்கள் என்றிருக்கிறது. என்ன பறவை என்று இல்லை. மாசசாய்ட் தொண்ணூறு பேரோடு வந்தார், அவர் ஆட்கள் ஐந்து மான்களைக் கொண்டுவந்தார்கள், மூன்று நாள் விருந்து. வான்கோழியின் பெயரே கடிதத்தில் கிடையாது. அந்த ஆண்டு காட்டு வான்கோழி ஏராளமாகக் கிடைத்ததாக ஆளுநர் பிராட்ஃபோர்ட் வேறிடத்தில் எழுதியிருக்கிறார். பிற்காலத்தார் இரண்டையும் ஒட்டவைத்துக்கொண்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு வான்கோழியே வாங்கினோம். 21 டாலர், 7 சதவீத வரி, டிப்ஸ் தனி. வெள்ளையாக, தடித்த துண்டுகள். குழம்பை ஊற்றாவிட்டால் பஞ்சை மெல்லுவதுதான். இது காட்டுப் பறவை இல்லை. வேட்டையாடிய காட்டு இறைச்சியை ஓட்டலில் விற்கக் கூடாது. மெக்சிகோவில் மக்கள் வளர்த்த வான்கோழியை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோக, அங்கே பெருகியதை ஆங்கிலேயர் மறுபடி கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். காட்டில் சொந்தக்காரன் உலவிக்கொண்டிருக்க, கடல் கடந்து போய்வந்தவன்தான் தட்டுக்கு வந்தான். கிரான்பெரித் துவையல் மட்டும் நன்றாக இருந்தது. புளிப்பு நம் நாக்குக்குச் சரி.

ஏப்ரல் 28, ஞாயிறு. மவுண்ட் டாம், பியர்டவுன்

வாடகைக் கார் எடுத்துத் தனியாக மேற்கே கிளம்பினேன். தூறல். ஹோலியோக் ஊருக்குப் பக்கத்தில் மவுண்ட் டாம் 1,202 அடி. மலை என்று நம்மூர்க்காரன் ஒப்புக்கொள்ள மாட்டான், ஆனால் எரிமலைக் குழம்பு இறுகிய கறுப்புப் பாறை விளிம்பில் நின்றால் கீழே கனெக்டிகட் ஆறு வளைந்து போவது தெரியும். இன்று பனிமூட்டம், என் கால்விரல்தான் தெரிந்தது.

மாசசூசெட்ஸின் கடைசிச் சுதேசி வான்கோழியை 1850–51 குளிர்காலத்தில் சுட்டது இந்த மலையில்தான். அதற்கு முன்பே அது அரிதாகிவிட்டிருந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஓர் ஆங்கிலப் பயணி, காட்டில் வான்கோழியைக் காண்பது அபூர்வம் என்று எழுதிவைத்தார். சந்தைக்குச் சுட்டது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய அடி, காட்டையே வெட்டியது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த மாநிலத்தில் பெரும்பகுதி வயலும் ஆட்டு மேய்ச்சலும்தான். ராத்திரி மரத்தில் ஏறித் தூங்கி, பகலில் ஓக் கொட்டை பொறுக்கும் பறவைக்கு மரம் இல்லாவிட்டால் என்ன மிச்சம்?

மதியம் தாண்டி பெர்க்‌ஷயர் மலைப்பகுதி. மான்ட்டரி ஊருக்கு மேலே பியர்டவுன் மாநிலக் காடு. மண் சாலை சேறாகிக் கிடந்தது. காரின் அடிவயிறு இரண்டு இடத்தில் தட்டியது. பெனடிக்ட் குளத்தைச் சுற்றி நடந்தேன். இங்கே இன்னும் வசந்தம் ஏறிவரவில்லை. பீச் மரங்களில் போன வருடத்து வெளிறிய இலைகள், மேப்பிள் நுனியில் சிவப்பு மொட்டு. மழை நின்றதும் குளக்கரையில் விரல் நகம் அளவுத் தவளைகள் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தன, காது அடைத்தது.

பாதையை விட்டு நாற்பது ஐம்பது அடி உள்ளே போனால், அடர்ந்த காட்டுக்கு நடுவே கற்சுவர். முழங்கால் உயரம், பாசி படர்ந்து, நேர்கோட்டில் மேடேறி இறங்கி எங்கோ போகிறது. எதை வளைத்து? யாருடைய வயலையோ. கல் பொறுக்கி, அடுக்கி, பயிர் செய்த குடும்பங்கள் 19ஆம் நூற்றாண்டில் ஆலை ஊர்களுக்கும் மேற்கே நல்ல மண் உள்ள ஒஹாயோ பக்கமும் போய்விட்டன. வயலில் பைன் முளைத்தது, பிறகு ஓக் வந்தது. இன்று மாநிலத்தில் பாதிக்கு மேல் காடு. யாரும் நட்டதில்லை. ஒரு சுவரின் மேல் ஓக் மரம் கல்லைப் பிளந்துகொண்டு நின்றது. அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க இரண்டு ஆள் வேண்டும்.

காடு தானாக வந்தது, வான்கோழி தானாக வரவில்லை. 20ஆம் நூற்றாண்டில் பண்ணையில் வளர்த்தவற்றைப் பல தடவை விட்டுப் பார்த்தார்கள். தாயோடு வளராத குஞ்சு, எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரியாமல் நரிக்கும் பனிக்கும் போய்ச் சேர்ந்தது. கடைசியில் 1972–73இல் நியூயார்க் மாநிலத்திலிருந்து 37 காட்டுப் பறவைகளைப் பிடித்து வந்து விட்டது இதே பியர்டவுனில். பிடித்த விதம்: சில நாள் சோளம் தூவிப் பழக்கிவிட்டு, ஓரமாக மடித்து மறைத்த வலையை வெடிமருந்தால் கூட்டத்தின் மேல் பறக்கவிடுவது. அந்த நியூயார்க் பறவைகளின் முன்னோர் பென்சில்வேனியாவிலிருந்து எல்லை தாண்டி நடந்து வந்தவை. இங்கே பெருகியதும், 1979 முதல் 1996 வரை மாநிலத்துக்குள்ளேயே ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவற்றை வேறு வேறு மாவட்டங்களில் கொண்டுபோய் விட்டார்கள். இப்போது 30,000 முதல் 35,000 வரை இருக்கலாம் என்கிறது வனவிலங்குத் துறை. டிராமை மறித்த சேவலின் பாட்டன் பூட்டன் இந்தச் சேற்றில் நடந்திருக்கக் கூடும்.

இன்று ஒன்றையும் பார்க்கவில்லை. வான்கோழி பிறந்த வீட்டில் வான்கோழி இல்லை, ஊரில்தான் இருக்கிறது.

விடுதிக்கு வந்து காலுறையைக் கழற்றினால் கணுக்காலில் எள்ளளவு உண்ணி. மான் உண்ணி. லைம் காய்ச்சலைப் பரப்புவது இதுதான். பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டில் உள்ள லைம் ஊரின் பெயர் அந்த நோய்க்கு வந்தது. நல்லவேளை, இன்னும் கடிக்கவில்லை. ஊர்ந்துகொண்டிருந்ததை டேப்பில் ஒட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, உடம்பு பூராவும் அரைமணி நேரம் டார்ச் அடித்துத் தேடினேன்.

ஏப்ரல் 29, திங்கள். கிரேட் பாரிங்டன்

ஏப்ரலின் கடைசித் திங்கள்தான் வசந்த கால வான்கோழி வேட்டையின் முதல் நாள். எனக்குத் தெரியாது. அதிகாலை மூன்றரைக்கு விடுதி வாசலில் லாரி லாரியாக இஞ்சின் சத்தம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் இலை தழை அச்சடித்த உடையில் பத்துப் பதினைந்து பேர், தெர்மாஸிலிருந்து காபி ஊற்றிக்கொண்டு, கிசுகிசுப்பாகப் பேசிக்கொண்டு. பக்கத்து அறைக்காரர்களை எழுப்பக் கூடாதாம். இஞ்சினை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

விடுதியை நடத்துபவர் குஜராத்தி அம்மா. காலையில் டீயும் இரண்டு தேப்லாவும் கொடுத்தார், காசு வாங்கவில்லை. நான் சிவப்பு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு காமிராவோடு கிளம்பியதைப் பார்த்தவர் வாசலில் மறித்தார். "பாயி, இன்னிக்கு சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் போட்டுட்டுக் காட்டுக்குள்ள போகாதீங்க."

சேவலின் தலை அந்த மூன்று நிறம். புதருக்குப் பின்னால் சிவப்புத் துணுக்கு அசைந்தால், விடியலின் அரை வெளிச்சத்தில் அவசரக்காரன் எவனாவது சுட்டுவிடுவான். இலையுதிர் கால மான் வேட்டைக்கு ஆரஞ்சுச் சட்டை கட்டாயம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வான்கோழிக்கு நிறம் நன்றாகத் தெரியும் என்பதால் இவர்கள் தலைமுதல் கால்வரை மறைந்து உட்காருகிறார்கள். அமெரிக்காவில் தேசியக் கொடியின் நிறங்களை உடுத்துவது ஆபத்தான இடம் இது ஒன்றுதானோ என்னவோ. வேட்டை நேரம் மதியம் 12 மணியோடு முடியும். அதுவரை ஊருக்குள்ளேயே இருக்கத் தீர்மானித்தேன். ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்கு இங்கே தடை உண்டு. நேற்று நான் நிம்மதியாகத் திரிந்தது அந்தச் சட்டத்தின் புண்ணியம்.

பதினொரு மணிக்கு உணவகத்தில் ஒரு பெரியவர் என் மேசையில் இடம் கேட்டு உட்கார்ந்தார். எழுபது வயதிருக்கும், முகத்தில் இன்னும் கரி. வெறுங்கை. வருத்தம் இல்லை. மேப்பிள் பாகு ஊற்றிய பான்கேக்கை அவர் வெட்டிச் சாப்பிட்ட நிதானத்தைப் பார்த்தால் வேட்டைக்கே இதற்காகத்தான் வருகிறாரோ என்று தோன்றியது. நான் கேட்கக் கேட்கச் சொன்னார். வசந்தத்தில் தாடி உள்ளதை மட்டும்தான் சுடலாம். பெட்டை முட்டையிடும் காலம். ரைபிள் கூடாது, ஷாட்கன் அல்லது வில். முதுகைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்கார வேண்டும், பின்னாலிருந்து வேறு வேட்டைக்காரன் சுட்டுவிடாமல். பிறகு பெட்டையின் குரலில் கூப்பிட வேண்டும்.

சட்டைப்பையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார். தீப்பெட்டியைவிட நீளம், மேல்மூடி ஒரு முனையில் ஆணியால் மாட்டியிருந்தது. விளிம்பில் சாக்கட்டியைத் தேய்த்துவிட்டு மூடியை மெல்ல இழுத்தார். 'கியோ, கியோ, கியோ.' உணவகமே திரும்பிப் பார்த்தது. காபி ஊற்ற வந்த பெண், "பதில் சொல்ல இங்கே ஆள் இல்லை" என்றாள். அவர் சிரித்துவிட்டு என்னிடம், இது தலைகீழ் வேலை என்றார். இயல்பில் சேவல் நின்ற இடத்தில் நின்று கூவும், பெட்டைதான் தேடிப் போகும். நீ கூப்பிடுவது, இல்லை நீ வா என்று. அனுபவசாலிச் சேவல் அசையாது. இன்று இரண்டு மணி நேரம் எண்பது அடி தூரத்தில் நின்று கூவிவிட்டு, உண்மையான பெட்டை ஒன்று வந்ததும் அதோடு போய்விட்டதாம்.

37 பறவைகளைப் பற்றிப் பேச்சு வந்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குக் காசு யார் கொடுத்தது என்று நினைக்கிறாய் என்று கேட்டார். 1937இல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உள்ள 11 சதவீத வரிப் பணத்தை மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்கே ஒதுக்குகிறது. வேட்டை உரிமக் கட்டணமும் அங்கேயே. 1980இல் மாநிலம் மறுபடி வான்கோழி வேட்டையைத் திறந்தது. பட்டம் கொடுத்தது அதற்கும் பதினோரு வருடம் கழித்து. கொல்கிறவன் காசில்தான் பறவை பிழைத்தது என்பதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் கணக்கு அப்படி இருக்கிறது.

தெற்கே இது எதிர்மாறாகவும் நடந்திருக்கிறது. ஜார்ஜியா 1970இல் பாப்வைட் காடையை மாநில வேட்டைப் பறவையாக அறிவித்தது. டென்னசியிலும் மிசௌரியிலும் அதே பட்டம் அதே காடைக்கு. வரப்போரப் புல்லும் புதரும் போய், வயல்கள் மழித்த தரையாக மாறியதில் அந்தக் காடை மளமளவென்று குறைந்துவிட்டது. ஜார்ஜியாவில் சின்ன வயதில் காடை வேட்டையாடியதாகச் சொன்னார் பெரியவர். இப்போது அங்கே போனால் பணக்காரர்களின் தோட்டங்களில்தான் அதன் குரல் கேட்குமாம். பட்டம் பறவையைக் காப்பாற்றாது. புதர் காப்பாற்றும்.

என் காபிக்கும் சேர்த்து அவரே பணம் கொடுத்துவிட்டுப் போனார். தடுத்துப் பார்த்தேன். "நீ என் முதல் நாளைக் கேட்டாய், வீட்டில் யாரும் கேட்பதில்லை" என்றார்.

மதியத்துக்குமேல் குஜராத்தி அம்மா கொடுத்த பழுப்புக் கோட்டில் மறுபடி பியர்டவுன். நான்கு மணி நேரம். கேட்டது தவளை, பார்த்தது சிக்கடீ. மாநிலப் பறவையாவது கண்ணில் பட்டதே.

ஏப்ரல் 30, செவ்வாய். புரூக்லைன்

நேற்று இரவு பதினொன்றுக்கு வந்து சேர்ந்தேன். புரூக்லைனில் இரவில் தெருவில் காரை விடத் தடை இருந்தது, எனவே பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டு அவர் முற்றத்தில் நிறுத்தினோம். 15 டாலர் கேட்டார், ரசீதும் எழுதித் தந்தார்.

காலை ஆறே காலுக்கு 'டொக் டொக்'. கதவு தட்டுகிறார்கள் என்று எழுந்து வந்தால், கறுப்புக் காரின் பளபளப்பான பக்கவாட்டில் தெரிந்த இன்னொரு சேவலோடு ஒரு சேவல் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. கொத்துவது, இரண்டடி பின்வாங்குவது, வாலை விரிப்பது, குதித்துக் காலால் உதைப்பது. அதன் காலில் கூரான முள் இருக்கிறது. எதிரி சளைக்கவில்லை, சளைக்கவும் மாட்டான். மாப்பிள்ளை துடைப்பத்தோடும் தங்கை குடையோடும் ஓடி வந்தார்கள். குடை விரிந்ததும் அது கம்பீரமாகப் பின்வாங்கி, காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கக் கதவில் இருந்த எதிரியைத் தாக்கத் தொடங்கியது. கடைசியில் பழைய படுக்கை விரிப்பை எடுத்துக் காரின் மேல் போர்த்தினோம். எதிரி மறைந்ததும் வெற்றிக் கூவல் ஒன்று. பிறகு பாட்டியின் டூலிப் பாத்திக்குள் போய்விட்டது.

கதவில் பதினைந்து இருபது கீறல், ஒரு குழிவு. மாப்பிள்ளை மெழுகு போட்டுத் தேய்த்துப் பார்த்தார், கீறல் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கார் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் இருந்த இளைஞன் கதவைச் சுற்றி வந்தான், குனிந்து பார்த்தான், கேட்டான்: "வான்கோழியா?" ஆமாம் என்றேன். கையில் இருந்த படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட்டான். மான், கரடி, மற்றவை என்று அச்சடித்திருந்தது, மற்றவையில் போட்டான். இன்ஷூரன்ஸ் எடுத்திருந்ததால் நான் கொடுக்க வேண்டியது முதல் 250 டாலர் மட்டும். அடிவயிற்றையும் பார்த்தான். சேற்றைச் சுரண்டிவிட்டு, அது சரியாகத்தான் இருக்கிறது என்றான்.

"விமானத்துக்கு எத்தனை மணி?" என்று கேட்டான். ஏழரை என்றேன். பஸ் வெளியே நிற்கிறது, இலவசம், ஓடினால் பிடித்துவிடலாம் என்றான். ஓடினேன்.